கூத்துக்கும் விதைநெல் எடுத்து வைப்போம்

போன மாசியில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோவில் வாசலில் திருவிழாக் கூட்டம் நடந்தது. செய்யாறு பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. நவரை பொதி கட்டியிருந்த நேரம். கொடியேற்றம், தீமிதி, அன்னதானம் எல்லாம் பேசி முடித்து, கடைசியாக நாடகப் பேச்சு வந்தது. எங்கள் பக்கம் தெருக்கூத்தை நாடகம் என்றுதான் சொல்வோம்.

"மூணு நாள் எதுக்கு? ஒரு நாள் வெச்சா போதும். விடிய விடிய யாரு குந்தி பார்க்கறாங்க?" என்றார் ஒருவர். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். இன்னொருவர் என் பக்கம் கையைக் காட்டி, "மேனேஜர் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும், அவர்தானே போன தடவை குறைச்சாரு" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். குறைத்தவன் நான். அந்தக் கூட்டத்தில் பாதியும் சொல்ல முடியாமல் போன விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இதே பேச்சு நடந்திருக்கும், அல்லது அடுத்த மாசியில் நடக்கும்.

நான் போட்ட தப்புக் கணக்கு

கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷமும் எங்கள் ஊரில் திருவிழா இல்லை. 2022-ல் மறுபடி தொடங்கியபோது, முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் என்று வரவு செலவை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு இரவுக் கூத்துக்கு 25,000 ரூபாய். பத்து இரவுக்கு 2,50,000. பழைய வழக்கப்படி பத்து இரவும் வைத்தால் கையைக் கடிக்கும் என்று எழுதிக் காட்டினேன். கூத்து மூன்று இரவாகக் குறைந்தது. மிச்சமான பணம் மிச்சமாக இல்லை. மெல்லிசைக் கச்சேரிக்கும் சீரியல் செட்டுக்கும் வாண வேடிக்கைக்கும் போனது.

தாம்பூலம் வாங்க வந்த வாத்தியார் என்னிடம் சண்டை போடவில்லை. "மூணு நாள்னாலும் சரி சார், தேதியை மட்டும் மாத்தாதீங்க. மத்த ஊருங்களும் இதையே சொல்றாங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. நான் ஒரு ஊரின் செலவைத்தான் குறைத்தேன். ஒரே கணக்கைப் பத்து ஊர் போட்டால், ஒரு ஜமாவின் வருஷ வருமானம் சரிந்துவிடும். அடுத்த பங்குனியில் அந்த ஜமாவில் திரௌபதி வேஷம் கட்டும் பையன் வரவில்லை. செருப்புக் கம்பெனிக்குப் போய்விட்டான். விடியற்காலை ஐந்தரைக்கு கம்பெனி வேன் வருகிறது. கூத்து முடிவதும் அதே நேரம்தான். இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

உழவனுக்கும் கூத்துக்கும் என்ன உறவு?

இயற்கை விவசாயப் பத்திரிகையில் கூத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பாரதக் கூத்தின் நாட்காட்டியே நம்முடைய நாட்காட்டிதான். பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் பருவம். அறுவடை முடிந்து களம் காலியாகிக் கையில் நாலு காசு இருக்கும் காலம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. மழை பொய்த்தால் விராட பர்வம் வைக்கச் சொல்வார்கள் நம் பெரியவர்கள். பகாசுரன் கதை நடக்கும் நாளில் வீட்டுக்கு வீடு சோறு வாங்கி வண்டியில் ஏற்றி வீமன் ஊர்வலம் வருவான். படுகளத்தில் துரியோதனனைச் செய்வது நம் ஊர் மண்ணில்தான்.

வேஷக்காரர்களில் பெரும்பாலானோர் மற்ற மாதங்களில் நம்மோடு நாற்று நடுகிறவர்கள், மல்லாட்டை பிடுங்குகிறவர்கள். கிரீடமும் புஜக்கட்டையும் செய்வது கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில். வேலியில் நாம் வெட்டித் தள்ளும் அதே மரம். நிலமும் மழையும் கெட்டால் கூத்தும் கெடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டியங்காரன் மேடையில் ராஜாவைக் கேலி பண்ணுவான். அந்த சாக்கில் ஊர்ப் பெரிய மனுஷனையும் கேலி பண்ணுவான். பால் விலை, உரத் தட்டுப்பாடு, ஏரி மண் திருட்டு எல்லாம் அவன் வாயில் வரும். ஊர்க் கூட்டத்தில் சொல்ல முடியாததை அவன் சொல்லிவிட்டுப் போவான், ஊரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளும். இதை எந்த மெல்லிசைக் கச்சேரியும் செய்வதில்லை.

மானியம் என்ற சொல்லின் இரண்டு அர்த்தம்

நான் வங்கியில் வேலை பார்த்த காலம் முழுக்க மானியம் என்றால் அரசு தரும் சலுகைத் தொகை. ஊருக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் எங்கள் பெரியவர்கள் அந்தச் சொல்லை வேறு அர்த்தத்தில் சொல்வதைக் கேட்டேன். அவர்களுக்கு மானியம் என்றால் நிலம். கோவிலுக்கும் ஊருக்கும் ஊழியம் செய்தவர்களுக்கு விடப்பட்ட நிலம். கூத்து ஜமாக்களுக்கோ, இன்ன ஊரில் இன்னாரே ஆட வேண்டும் என்ற மிராசு உரிமை இருந்தது. களத்தில் நெல் அளக்கும்போது அவர்களுக்கு ஒரு பங்கு போகும்.

1963-ல் வந்த சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் மானிய நிலங்களை ரயத்துவாரி நிலங்களாக மாற்றியது. களத்து நெல் பங்கு, அதற்கு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ரொக்கக் கூலியாக மாறியது.

அந்தப் பழைய ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது உரிமையாக இருந்த அளவுக்குக் கட்டுப்பாடாகவும் இருந்தது. இன்ன சாதிக்காரன் பறை அடிக்க வேண்டும், இன்னார் ஆட வேண்டும், களத்து ஓரத்தில் நின்று கை நீட்டி வாங்க வேண்டும் என்பதும் அதே ஏற்பாட்டின் பகுதிதான். அது போனது நல்லதே. ஆனால் அதில் ஒரு விஷயம் சரியாக இருந்தது. கூத்துக்கான செலவு விளைச்சலோடு சேர்ந்தே வந்தது. யாரும் மனுப் போட்டு வாங்கவில்லை. அந்த ஒன்றை மட்டும், சாதிக் கட்டுப்பாடு இல்லாமல், நாம் மீட்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

அரசுப் பணம் வருவதும் வராததும்

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. அதே வருஷம் தொடங்கிய சென்னை சங்கமம், நடுவில் நின்று போய், 2023 பொங்கலுக்கு மறுபடி வந்தது. நலிந்த கலைஞருக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. எங்கள் பக்கத்துப் புரிசைக் கூத்துக்கு, கண்ணப்ப தம்பிரான் காலத்திலேயே தில்லி வரைக்கும் மரியாதை கிடைத்தது.

இதையெல்லாம் குறை சொல்லவில்லை. ஆனால் 3,000 ரூபாய் என்பது ஒரு நாளைக்கு 100 ரூபாய். அதுவும் ஆடி ஓய்ந்தவருக்கு. ஆடிக்கொண்டிருப்பவருக்குத் தேவை உதவித்தொகை இல்லை, ஆட்டம். நகரத்து மேடையில் அரை மணி நேரம் ஆடிவிட்டு வருவது கௌரவம்தான். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை போகும் கூத்தில் அரை மணி என்பது கட்டியங்காரன் உள்ளே வந்து வணக்கம் சொல்வதற்கே சரியாகப் போகும். அந்த அரை மணிக்காகவே பழகும் பிள்ளைக்கு, முழு இரவு ஆடும் பலம் எங்கிருந்து வரும்?

நிதியைக் குறைக்கிறோம் என்று எந்த அரசும் பறைசாற்றாது. தொகையை உயர்த்தாமல் அப்படியே விட்டால் போதும், மீதியை விலைவாசி பார்த்துக்கொள்ளும். ஒரு தவணையைத் தள்ளிப் போட்டால் போதும், அதற்குள் ஒரு பருவம் முடிந்துவிடும். வெளிநாட்டு நன்கொடையும் இதே கதைதான். 2020-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணம் பெறும் ஒரு அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்னக் குழுக்களுக்குக் கொடுத்துவந்த வழி அதோடு அடைபட்டது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கலைக்கும் செலவழிக்கலாம் என்று 2014 முதல் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் கம்பெனிக்கு வேண்டியது பதாகையும் புகைப்படமும். செய்யாற்றங்கரை ஊரில் நடு இரவில் நடக்கும் கர்ண மோட்சத்தில் அதற்கு என்ன கிடைக்கும்?

நாம் இதை வயலிலேயே பார்த்தவர்கள். யூரியா போட்டதும் பயிர் கருகருவென்று பச்சை கட்டும். மண்ணில் ஒன்றும் ஏறியிருக்காது. அடுத்த வருஷம் மூட்டை வராவிட்டால் கை பிசைந்து நிற்போம். வெளியிலிருந்து வரும் பணத்தை மட்டும் நம்பும் கலைக்கும் அதே நிலைமைதான். வந்தால் வாங்கிக்கொள்ளலாம், கேட்டு வாங்கவும் வேண்டும். அடி உரம் நம் ஊரில் இருக்க வேண்டும்.

யாரும் பார்க்காத வட்டிக் கணக்கு

இனி எனக்குத் தெரிந்த துறைக்கு வருகிறேன். கூத்து ஜமா நடத்துகிறவர் பருவம் தொடங்கும் முன்பே வேஷக்காரர்களுக்கும் பின்பாட்டு, மத்தளம், முகவீணை ஆட்களுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் ஆள் வேறு ஜமாவுக்கோ கம்பெனிக்கோ போகாமல் நிற்பான். பதினைந்து பேர் உள்ள ஜமாவுக்கு மூன்று லட்சம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் அதை எங்கே வாங்குகிறார்? வட்டிக்காரரிடம், நூற்றுக்கு மூன்று வட்டிக்கு. மாதம் 9,000. மாசி முதல் ஆடி வரை ஆறு மாதத்துக்கு 54,000 ரூபாய். இரண்டு இரவு முழு ஜமாவும் விடிய விடிய ஆடிய கூலி வட்டிக்கே சரி. பதினைந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 3,600. அரசு தரும் ஒரு மாத உதவித்தொகையை விட அதிகம்.

அதே மூன்று லட்சம் வரைக்கும் உழவனுக்கு வங்கிப் பயிர்க்கடன் 7 சதவீதம். தவணைக்குள் கட்டினால் 4 சதவீதம். நம் மாநிலக் கூட்டுறவுச் சங்கத்தில் தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. ஒரே ஊர், ஒரே மழை, ஒரே பருவம். ஏர் பிடித்தவனுக்கு 4, வேஷம் கட்டியவனுக்கு 36.

இதில் என் பங்கும் உண்டு. நான் ஒரு கிளையில் மேலாளராக இருந்தபோது ஒரு ஜமாக்காரர் கடன் கேட்டு வந்தார். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் கூத்து என்று எழுதியிருந்தார். வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். ஊர்க்காரர்கள் தேதி குறித்துக் கொடுத்த நோட்டைக் காட்டினார். இதெல்லாம் செல்லாது என்று திருப்பி அனுப்பினேன். அதே வாரம் ஒலி, ஒளி அமைப்பு வைத்திருந்த ஒருவருக்குக் கடன் கொடுத்தேன். அவருடைய பெட்டிகளை அடமானமாகக் காட்ட முடிந்தது. கூத்தாடியின் தொண்டையை எப்படி அடமானம் காட்டுவது? விதி அப்படி என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தால், அந்த நோட்டு ஒரு நல்ல ஆவணம். பல ஊர்கள் கையெழுத்துப் போட்ட கொள்முதல் உத்தரவு போன்றது அது.

2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் 5 சதவீத வட்டியில் கடன் உண்டு. 18 கைத்தொழில்கள் அதில் இருக்கின்றன. கூத்தோ மேளமோ பொம்மலாட்டமோ இல்லை. ஆட்டத்தையும் பாட்டையும் தொழிலாக எண்ணாத பழைய எண்ணம்தான் அங்கேயும்.

ஆகவே அரசிடம் நாம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை விருது இல்லை. நல வாரியத்தில் பதிந்த ஜமாக்களுக்குக் கூட்டுறவு வங்கி வழியாகப் பருவக் கடன் வேண்டும். தையில் கொடுத்து ஆவணியில் வாங்கட்டும். ஊர்களின் தேதி நோட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ளட்டும். பயிர்க்கடனுக்கு இயற்கைச் சேதத்தில் தவணை தள்ளுவது போல, ஆட்டம் நின்றுபோன வருஷத்தில் இதற்கும் தள்ளட்டும். 2020-ல் ஊரடங்கு வந்தது பங்குனியில். பருவம் முழுசும் போயிற்று, கடன் மட்டும் வளர்ந்தது.

இரண்டு கிலோ வாங்கி நாலு கிலோ

அரசு செய்யும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நெல் ஜெயராமன் அண்ணன் காத்திருந்தாரா? நம்மாழ்வார் ஐயா காட்டிய வழியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை அவர் மீட்டது எந்த மானியத்தில்? ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நாமும் வாங்கினோம், திருப்பினோம், அதனால்தான் இன்றைக்குத் தூயமல்லியும் கருங்குறுவையும் நம் வயலில் நிற்கின்றன.

கூத்துக்கும் அதையே செய்யலாம். எங்கள் ஊரில் 240 தலைக்கட்டு. திருவிழா வரியோடு தலைக்கட்டுக்கு 200 ரூபாய் தனியாக எடுத்தால் வருஷத்துக்கு 48,000. மூன்று வருஷத்தில் 1,44,000. இதை வைப்பில் போட்டு வட்டியில் கூத்து நடத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நடக்காது. 7 சதவீதம் என்றாலும் வருஷத்துக்கு ஏறக்குறைய 10,000 வரும், அது அரை இரவுக்கும் போதாது. அந்தப் பணத்தைச் சுழல விட வேண்டும். பக்கத்து ஊர் ஒன்றும் இதேபோலச் சேர்த்தால் இரண்டு ஊரும் சேர்ந்து 2,88,000. வாத்தியாருக்கு வேண்டிய முன்பணம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. மாசியில் வட்டியில்லாமல் கொடுப்போம், ஆடி முடிந்ததும் அசலைத் திருப்பட்டும். வட்டிக்காரருக்குப் போன 54,000 ஜமாவுக்குள்ளேயே நிற்கும்.

வட்டிக்குப் பதிலாக ஒன்று கேட்கலாம். புரட்டாசி முதல் மாசி வரை ஆட்டம் குறைவான மாதங்களில், முன்பணம் கொடுத்த ஊர்களில் இரண்டிரண்டு பிள்ளைகளுக்காவது கூத்துச் சொல்லித் தரட்டும். விதையை வாங்கி விதையாகவே திருப்புவது என்பது இதுதான்.

நிபந்தனைகள்

இந்த நிதியை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் நம் யோக்கியதை தெரியும். ஊர் என்றால் மேலத்தெருவும் கீழத்தெருவும் மட்டும் இல்லை, காலனியும் ஊர்தான். வரி வாங்குவதிலும், கணக்குப் பார்ப்பதிலும், முன் வரிசையில் பாய் போட்டு உட்காருவதிலும் எல்லாத் தெருவுக்கும் சம இடம் வேண்டும். 2023-ல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சமூக மக்கள் உள்ளே வரக்கூடாது என்ற தகராறில், ஒரு திரௌபதி அம்மன் கோவிலையே பூட்டி முத்திரை வைக்க வேண்டி வந்தது. சபையில் ஒரு பெண்ணுக்கு நடந்த அநியாயத்தைக் கதையாக வைத்துக் கும்பிடுகிற கோவிலில் இப்படி நடந்தது. அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு கலையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, பெண் பிள்ளைகள். கூத்து ஆண்களுடையது என்ற பேச்சு செல்லாது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில், பள்ளிப் படிப்போடு சேர்த்துப் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டக் கற்றார்கள், ஆடியும் காட்டினார்கள்.

மூன்றாவது, நாமே. நம் விதைத் திருவிழாக்களிலும் இயற்கை விளைபொருள் சந்தைகளிலும் கூத்துக்காரர்களைக் கூப்பிடுகிறோம். இரண்டு பேச்சாளர்களுக்கு நடுவில் கால் மணி நேரம் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, பஸ் செலவு கொடுத்து அனுப்புகிறோம். நம் நெல்லுக்கு நியாய விலை கேட்டு ரோட்டில் உட்காருகிற நாமே அவர்கள் உழைப்புக்கு விலை பேசாமல் விடுகிறோம். நம் இயக்கக் கூட்டங்கள் எங்கே நடந்தாலும் ஒரு முழு இரவு கூத்து, பேசிய முழுக் கூலி, என்று தீர்மானம் போட வேண்டும். இந்த இதழ் வழியாக அதைக் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

யாரும் பார்ப்பதில்லையே என்பவர்களுக்கு ஒரு பதில். பாரம்பரிய அரிசியையும் யாரும் வாங்குவதில்லையே என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். சமைத்துப் போட்ட பிறகுதான் கேட்டு வந்தார்கள். புரிசையில் வருஷா வருஷம் தம்பிரான் நினைவு நாடக விழா நடக்கும் இரவு போய்ப் பாருங்கள், விடியும் வரை ஜனம் உட்கார்ந்திருக்கும்.

கூட்டத்தில் என்ன ஆனது என்று சொல்லி முடிக்கிறேன். குறைத்தது என் தப்பு என்று எழுந்து சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம். பத்து இரவு கேட்டேன், கிடைக்கவில்லை. ஐந்து இரவு என்று முடிவாயிற்று. தலைக்கட்டுக்கு 200 ரூபாய் தனி நிதிக்குப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள், மீதிப் பேர் அறுவடை ஆகட்டும் பார்க்கலாம் என்றார்கள். காலனியிலிருந்து வந்த இரண்டு பேர், கணக்கு நோட்டு ஒன்று எங்கள் தெருவிலும் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். இருக்கிறது. வாத்தியாருக்குத் தாம்பூலம் வைத்தபோது, விராட பர்வம் ஒரு இரவு கட்டாயம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். "வெச்சிடலாம் சார். திரௌபதிக்குத்தான் ஆள் தேடணும்" என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறோம்.